ஒரு மெயிலுக்கு ஒரு பந்து

ஸ்வப்னா ஐந்து விக்கெட் எடுத்த ஆட்டத்தில்தான் அந்தப் புகாரும் எழுந்தது. இரண்டாயிரத்து இரண்டு, டிசம்பர் கடைசி வாரம். பனிமூட்டம் விலகக் காத்திருந்து பதினொரு மணிக்குத் தொடங்கிய ஆட்டம். நடுவர் மைதானத்தில் வாயே திறக்கவில்லை. எல்லாம் முடிந்து பெண்கள் சமோசா தின்றுகொண்டிருந்தபோது ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கிரிக்கெட் சங்கத்துப் பிரதிநிதியிடம் கொடுத்துவிட்டுத் தன் ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார். பந்தை விடும்போது இந்தப் பெண்ணின் முழங்கை மடங்கி நீள்வதுபோல் தெரிகிறது, பரிசோதிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அதாவது, அவள் பந்தை வீசவில்லை, எறிகிறாள்.

ஸ்வப்னாவுக்கு அப்போது பதினெட்டு வயது. டெல்லியில் கிட்வாய் நகர் அரசாங்கக் குடியிருப்பிலேயே பிறந்து, அங்கே பூங்காவில் பையன்களோடு டென்னிஸ் பந்தில் ஆடிக் கற்றுக்கொண்டவள். ஆஃப் ஸ்பின் போடுவாள். பந்து காற்றில் மெல்ல மிதந்து வந்து, விழுந்த இடத்திலிருந்து உள்ளே திரும்பும். நடுநடுவே ஒரு வேகப் பந்து வைத்திருந்தாள். அதே ஓட்டம், அதே கை. ஆனால் பந்து மட்டும் திரும்பாமல் சறுக்கிக்கொண்டு போய் ஸ்டம்பை அடிக்கும். அந்த ஐந்து விக்கெட்டில் மூன்று அந்தப் பந்துக்கு விழுந்தவை.

அவள் அப்பா குழந்தைசாமி கோபிசெட்டிபாளையத்துக்காரர். அமைச்சகம் ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக அசிஸ்டென்ட். யார் என்ன சொன்னாலும் அதற்கு எழுத்தில் ஒரு பதில் இருக்க வேண்டும் என்று நம்புகிறவர். மகளின் கை பிறவியிலிருந்தே நேரானது என்றும், கண்பார்வை சரியில்லாத நடுவரின் சந்தேகத்துக்காக ஒரு வீராங்கனையின் எதிர்காலம் பாழாகக் கூடாது என்றும் சங்கத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதினார். மூன்றுக்கும் நகல் வைத்துக்கொண்டார். காலனியில் எதிர்ப்பட்ட தமிழர் அத்தனை பேரிடமும் விஷயத்தைச் சொல்லி நியாயம் கேட்டார்.

ஜனவரி மூன்றாம் வாரம் சங்கத்திலிருந்து பதில் வந்தது. சென்னையில் உடற்கல்விக் கல்லூரி ஒன்றில் பணிபுரியும் டாக்டர் உஷாராணி, வீசும் முறையைப் பார்த்து அபிப்பிராயம் சொல்வார். நேரில் போக முடியாதவர்கள் குறைந்தது பன்னிரண்டு பந்துகளை வீடியோ எடுத்து அனுப்பலாம். அந்த அபிப்பிராயம் வந்து சேராதவரை, பிப்ரவரி ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நடக்கும் மாநில அணித் தேர்வில் அவள் பந்து வீச முடியாது.

குழந்தைசாமி அலுவலக நண்பர் வெங்கட்ராமனிடம் ஹேண்டிகேம் இரவல் வாங்கிவந்தார். குடியரசு தினத்தன்று மதியம் காலனி மைதானத்தில் ஸ்வப்னா முப்பத்தாறு பந்து வீசினாள். பக்கவாட்டில் நின்று அப்பா படமெடுத்தார். பதினோரு நிமிஷப் படம். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோவில் கொடுத்து அதை இரண்டு சி.டி.யாக்கி, ஒன்றைக் கூரியரில் சென்னைக்கு அனுப்பினார்கள்.

பிப்ரவரி மூன்றாம் தேதி, திங்கட்கிழமை காலை சென்னையிலிருந்து போன் வந்தது. ஸ்வப்னாதான் எடுத்தாள்.

"கவர் வந்துதும்மா. ஆனா உள்ளே சி.டி. ரெண்டா உடைஞ்சிருக்கு," என்றார் டாக்டர் உஷாராணி. "நான் புதன்கிழமை சாயங்காலம் வெளிநாடு கிளம்பறேன். திரும்பி வர மூணு வாரமாகும். மறுபடி கூரியர் பண்ணினா எனக்குக் கிடைக்காது. மெயில்ல அனுப்ப முடியுமா பாரு."

முடியும் மேடம் என்று ஸ்வப்னா சொல்லிவிட்டாள். அதுவரை அவள் மெயிலில் அனுப்பியதில் மிகப் பெரியது ஒரு பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம்.

செவ்வாய்க்கிழமை கல்லூரிக்குப் போகவில்லை. சரோஜினி நகர் மார்க்கெட்டின் பின் சந்தில், ஸ்வெட்டர் கடைக்கு மேல் மாடியில் சுஜாதா என்று ஒருத்தி சைபர் கஃபே வைத்திருந்தாள். திருச்சிக்காரி. கணவர் ராணுவத்தில், எங்கோ எல்லையில் இருந்தார். ஆறு கம்ப்யூட்டர், ஒரு யு.பி.எஸ்., ஒரு ஹீட்டர், இவற்றை வைத்துக்கொண்டு அவள் தனியாகக் கடை நடத்தினாள். ஸ்வப்னா மிச்சமிருந்த சி.டி.யை எடுத்துக்கொண்டு பத்து மணிக்கே அங்கே போய் உட்கார்ந்தாள். படத்தை அப்படியே மெயிலில் இணைத்து அனுப்பு என்று அழுத்தினாள். நீலப் பட்டை ஒன்று தோன்றி அப்படியே நின்றது. நாற்பது நிமிஷம் கழித்து, பக்கத்தைக் காட்ட முடியவில்லை என்று வெள்ளைத் திரை வந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் வெள்ளை.

சுஜாதா எழுந்து வந்து கோப்பின் அளவைப் பார்த்தாள். நூற்றுப் பதினெட்டு எம்.பி. "இதையா அனுப்பிட்டு உக்காந்திருக்கே? நாள் பூரா அழுத்தினாலும் போகாது. ஒரு மெயில்ல ரெண்டு எம்.பி.தான் போகும். அந்தப் பக்கம் அவங்க பெட்டியில மொத்தமே நாலுதான் கொள்ளும்," என்றாள்.

படத்தைச் சுருக்கிப் பார்க்கலாம் என்று அவளே ஒரு வழி சொன்னாள். பத்திரிகையோடு இலவசமாக வந்த ஒரு மென்பொருள் அவளிடம் இருந்தது. அரை மணி நேரம் அரைத்து, அது பதினோரு நிமிஷத்தையும் ஒரு தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்தது. ஸ்வப்னா ஓடவிட்டுப் பார்த்தாள். ஒரு பச்சைப் பரப்பு, அதில் ஓடும் வெள்ளைப் புள்ளி. கை எது கால் எது என்று அவளுக்கே தெரியவில்லை. முழங்கையைப் பார்க்கத்தான் அந்த அம்மாள் கேட்கிறார். இதை அனுப்புவதும் அனுப்பாமல் இருப்பதும் ஒன்று.

படத்தைச் சுருக்கக் கூடாது, வெட்டலாம் என்று அப்போதுதான் தோன்றியது. நடந்து திரும்புவது, பந்தைத் தேடுவது, அப்பா காமிராவைச் சரிசெய்வது எல்லாம் போகட்டும். ஓட்டம் தொடங்குவதிலிருந்து பந்து கையை விட்டுப் போவது வரை வெட்டினால் ஒரு பந்துக்கு ஆறு, ஏழு விநாடி. அளவு பார்த்தாள். ஒன்றேகால் எம்.பி. ஒரு மெயிலுக்கு ஒரு பந்து. பன்னிரண்டு மெயில்.

வெட்டுவது லேசான வேலையாக இல்லை. எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்று அம்புக்குறியை அழுத்தி அழுத்திப் படத்தை ஒவ்வொரு சட்டமாக, ஃபிரேம் ஃபிரேமாக, நகர்த்த வேண்டும். ஒரு விநாடிக்கு இருபத்தைந்து சட்டம். அவள் தன்னை அவ்வளவு மெதுவாக ஒருநாளும் பார்த்ததில்லை. கை தோள் உயரத்துக்கு வருகிறது. இன்னொரு அழுத்தல், காதருகே வருகிறது. இன்னொன்று, பந்து விரலை விட்டுப் போய்விட்டது. கை கோல்போல நேராக இருந்தது. முதல் பந்து, இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் அப்படியே. அந்த நடுவரை உட்காரவைத்து இதைக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ஏழாவது, வேகப் பந்து. தோள் உயரத்தில் கை வரும்போது முழங்கை மடங்கியிருந்தது. அடுத்த சட்டத்தில் பாதி நீண்டிருந்தது. அதற்கடுத்ததில் நேராகி, பந்து போயிருந்தது.

பின்னுக்கு நகர்த்தினாள். மறுபடி முன்னுக்கு. படத்தில் நிழல் விழுந்திருக்கும், ஸ்வெட்டரின் மடிப்பாக இருக்கும் என்று நினைத்து அடுத்த வேகப் பந்தைத் தேடிப் போனாள். அதிலும் அப்படித்தான் இருந்தது. முப்பத்தாறில் ஆறு வேகப் பந்து. ஆறிலும் முழங்கை மடங்கி நீண்டது. ஒன்றில் மிக நன்றாகவே தெரிந்தது. அதுதான் ஸ்டம்பைப் பறக்கவிட்ட பந்து.

கீழே மார்க்கெட்டில் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. நான் எறிவதில்லை என்று அவள் பயிற்சியாளரிடம் சொல்லியிருந்தாள், தோழிகளிடம் சொல்லியிருந்தாள், அம்மாவின் தலையில் கை வைத்துச் சொல்லியிருந்தாள். பொய் என்று தெரிந்து சொன்னதில்லை. கை மடங்குவது உள்ளிருந்து தெரிவதில்லை. அவளுக்கு அது எப்போதும் நேராகத்தான் தோன்றியிருந்தது.

குழந்தைசாமி ஆறரை மணிக்கு அலுவலகத்திலிருந்து நேரே அங்கே வந்தார். மஃப்ளரைக் கழற்றிக்கொண்டே, எத்தனை போயிருக்கிறது என்று கேட்டார். ஸ்வப்னா நாற்காலியைச் சற்று நகர்த்தி இடம்விட்டு, அம்புக்குறியை மூன்று தடவை அழுத்திக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை காட்டச் சொன்னார்.

"மடங்குதுப்பா. ஆறுலயும் மடங்குது," என்றாள் ஸ்வப்னா.

மற்ற முப்பதும் எப்படி என்று அவர் கேட்டார். சுத்தம் என்றாள்.

"அப்பறமென்ன கண்ணு. அவங்க பன்னண்டுதான கேட்டிருக்காங்க? முப்பதுல பன்னண்ட எடுத்து அனுப்பு. இத எதுக்கு அனுப்பறது?"

"அம்பயர் பார்த்தது இதைத்தான்ப்பா."

"நா மூணு லெட்டர் எழுதிக் குடுத்திருக்கறனே சாமி. எம் புள்ள கை நேருன்னு."

ஸ்வப்னாவுக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பன்னிரண்டு நல்ல பந்தை அனுப்பினால் கட்டாயம் அனுமதி கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை வேகப் பந்தைப் போட்டு விக்கெட்டும் எடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறை அதைப் போடும்போதும் இந்த மூன்று சட்டங்கள் தன் கண்முன்னால் வரும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"தெரியாம போட்டேன், அது வேற," என்றாள். "இப்ப தெரிஞ்சிருச்சு. வெட்டி முடிக்கவே இன்னிக்குக் கடை மூடிடும். நாளைக்கு முதல்ல இந்த ஆறுதான் போகும். அதுக்கப்புறம்தான் நல்லது."

முதலிலேயே இவை போய், நடுவில் லைன் அறுந்துவிட்டால் அந்த அம்மாள் கெட்டதை மட்டும்தான் பார்ப்பார் என்று குழந்தைசாமி சொல்லிப் பார்த்தார். அதற்காகத்தான் முதலில் அனுப்புகிறேன், நல்லதை முதலில் அனுப்பினால் பன்னிரண்டோடு நிறுத்திவிடத் தோன்றும் என்றாள் மகள். அவர் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு படியிறங்கினார். வீட்டில் அம்மா வசந்தாமணி போட்ட சப்பாத்தியைத் தின்னாமல் எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை கடை திறக்கும்போதே ஸ்வப்னா படியில் நின்றாள். ஒவ்வொரு மெயிலுக்கும் தலைப்பில் வரிசை எண் போட்டாள். ஒன்று முதல் ஆறு வரைக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் 'வேகப் பந்து' என்று எழுதினாள். முதல் பந்து போய்ச் சேரப் பன்னிரண்டு நிமிஷமாயிற்று. மூன்றாவது போனதும் அந்தப் பக்கத்துப் பெட்டி நிறைந்துவிட்டது. நான்காவது அப்படியே திரும்பி வந்து விழுந்தது. டாக்டருக்குப் போன் பண்ணி, வந்ததை இறக்கிக்கொண்டு பெட்டியைக் காலி செய்யச் சொல்ல வேண்டும். அதற்கு எதிர் வரிசையில் உள்ள எஸ்.டி.டி. பூத்துக்கு இறங்கி ஓட வேண்டும். ஓடினாள். லைன் எங்கேஜ்டாக இருந்தது. டாக்டர் அந்த லைனிலேயேதான் இன்டர்நெட்டும் வைத்திருந்தார். படம் இறங்கி முடியும்வரை போன் கிடைக்காது. திரும்பி வந்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் பூத்தை விட வேண்டியிருந்தது, பூத்தில் நின்றால் கம்ப்யூட்டரை.

இரண்டாம் முறை அவள் படி இறங்கியபோது, பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் குழந்தைசாமி நின்றுகொண்டிருந்தார். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அவளைப் பார்த்து, நீ மேலே போ என்று கை காட்டினார். ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு, கோபியிலிருக்கும் சொந்தக்காரர்களிடம் பேசுவதுபோல உரக்கப் பேசினார்.

"டாக்டரம்மாங்களா? மூணு வந்திருச்சுங்களா? அதெல்லாம் வேகப் பந்துங்க. செரிங்க, எடுத்துட்டுப் பொட்டியக் காலி பண்ணிப்போடுங்க, அடுத்த மூணு வருது."

அப்புறம் வேலை ஓடியது. மூன்று மெயில் போனதும் ஸ்வப்னா ஜன்னலைத் திறந்து மூன்று விரல் காட்டுவாள். அவர் சுழற்றத் தொடங்குவார். எங்கேஜ்டு என்றால் வைத்துவிட்டு மறுபடி சுழற்றுவார். பூத்தில் பின்னால் நின்ற ஒருவர் முணுமுணுத்தபோது, "பஸ் ஏக் மினிட் பாயி சாப், டாக்டர் கா காம் ஹை" என்று, ஒரே நிமிஷம், டாக்டர் வேலை என இந்தியில் சமாதானம் சொல்லிவிட்டு மறுபடி சுழற்றினார்.

ஒன்பதாவது பந்து போய் முடிந்தபோது ஒன்றே முக்கால் மணி. மின்சாரம் போய்விட்டது. யு.பி.எஸ். கீச்கீச்சென்று கத்தத் தொடங்கியது. மோடம் விளக்கு அணைந்திருந்தது. இது பத்து நிமிஷம் தாங்கும், கரண்ட் எப்போது வருமென்று சொல்ல முடியாது என்றாள் சுஜாதா. டாக்டர் நாலரைக்குக் கல்லூரியை விட்டுக் கிளம்பிவிடுவார். சென்றது ஆறு கெட்டது, மூன்று நல்லது. குறைந்தது இன்னும் மூன்று வேண்டும்.

ஒன்றேகால் எம்.பி. ஒரு ஃபிளாப்பியில் அடங்கும் என்று ஸ்வப்னாவுக்கு நினைவு வந்தது. சுஜாதா மேஜை இழுப்பறையைக் கவிழ்த்தாள். பழைய ஃபிளாப்பிகள் ஏழெட்டு விழுந்தன. மற்ற ஐந்து கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டு, ஒரு ஃபிளாப்பிக்கு ஒரு பந்து என்று ஏற்றினார்கள். ஃபிளாப்பி டிரைவ் கரகரவென்று அரைத்தது. ஐந்தாவது முடிந்து வெளியே வந்ததும் திரை இருண்டது.

கிட்வாய் நகர் பக்கம் கரண்ட் இருக்கிறது என்று குழந்தைசாமி வீட்டுக்குப் போன் போட்டு வசந்தாமணியிடம் கேட்டு வைத்திருந்தார். ஆட்டோவில் போனார்கள். அங்கே மருந்துக் கடையோடு சேர்ந்த ஒரு கஃபேயில் இரண்டே கம்ப்யூட்டர். ஒன்றில் யாரோ ரயில்வே தேர்வு முடிவு பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொன்றில் ஸ்வப்னா உட்கார்ந்தாள். முதல் ஃபிளாப்பி படிக்க முடியவில்லை என்றது. எடுத்துத் துடைத்துப் போட்டாலும் அதே பதில். அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைப் போட்டாள். போயிற்று. அடுத்தது. அடுத்தது. பெட்டி நிறைந்ததும் அப்பா போனில் சொல்லிக் காலி செய்யவைத்தார். கடைசியாகப் பதின்மூன்றாவது பந்து போய்ச் சேர்ந்தபோது மணி நான்கு அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. அப்பா அங்கிருந்த போனில் டாக்டரிடம் எண்ணிக்கை சொல்லிவிட்டு ரிசீவரை மகளிடம் நீட்டினார்.

"பதிமூணும் வந்திருக்கு," என்றார் டாக்டர் உஷாராணி. "எல்லாரும் நல்ல பந்தாப் பொறுக்கி அனுப்புவாங்க. நீ இந்த முதல் ஆறை எதுக்கு அனுப்பினே?"

"அதுவும் நான் போடற பந்துதானே மேடம்."

"ஆஃப் ஸ்பின் சுத்தமா இருக்கு. அதுக்கு அனுமதி எழுதறேன். வேகப் பந்து தப்பு. அதையும் எழுதத்தான் போறேன். சரி பண்ணிட்டு மறுபடி காட்டறவரைக்கும் அதை மேட்ச்ல போடக் கூடாது. ஞாயித்துக்கிழமை அது இல்லாம சமாளிப்பியா?"

"ஸ்பின் மட்டும் போடறேன் மேடம்," என்றாள்.

டாக்டர் கிளம்புமுன் எழுதிவைத்த அபிப்பிராயம் வியாழக்கிழமை சங்கத்துக்கும் அப்பாவின் அலுவலகத்துக்கும் ஃபேக்ஸில் வந்தது. இரண்டு பத்தி. முதல் பத்தியைக் குழந்தைசாமி இரண்டு தடவை படித்தார். இரண்டாவதை ஒரு தடவை படித்தார். தன்னுடைய கடித நகல்களை எடுத்து, ஃபேக்ஸை அவற்றின் மேல் வைத்துக் கட்டினார். பிறகு சங்கத்துக்கு நான்காவதாக ஒன்று எழுதினார். நடுவர் அவர்களின் கண்பார்வை குறித்துத் தான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஒரே வாக்கியம். ஸ்வப்னாவிடம் அதைக் காட்டவில்லை. தபாலில் போட்டுவிட்டு வந்த பிறகு, போட்டாச்சு என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்தி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எதிரே மட்டை பிடித்த பெண்கள் வேகப் பந்துக்குப் பயப்படாமல் பின்காலில் ஆற அமர நின்று ஆடினார்கள். ஸ்வப்னாவின் முதல் மூன்று ஓவரில் ஐந்து பவுண்டரி போயிற்று. அவளுடைய விரல்கள் பழக்கத்தில் இரண்டு தடவை பந்தை வேகத்துக்குத் திருப்பிப் பிடித்தன. இரண்டு தடவையும் பாதி ஓட்டத்தில் நின்று, திரும்பிப் போய், மறுபடி ஓடி வந்தாள். தேர்வாளர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான்காவது ஓவரிலிருந்து அவள் பந்தை இன்னும் உயரத்தில், இன்னும் மெதுவாக விட்டாள். அடித்தால் அடிக்கட்டும் என்று விட்டாள். ஆறாவது ஓவரில், அதுவரை அவளை அடித்து விளாசிய பெண் இறங்கி வந்து ஓங்கினாள். பந்து அவளைத் தாண்டித் திரும்பிக் கீப்பர் கைக்குப் போயிற்று. ஸ்டம்பிங். அந்த ஒரு விக்கெட்தான் அன்றைக்குக் கிடைத்தது.

மாலையில் பட்டியல் ஒட்டினார்கள். ஸ்வப்னாவின் பெயர் பதினான்காவதாக, கடைசியாக இருந்தது. போட்டி நடக்கும் ஜெய்ப்பூருக்கு அணியோடு போகலாம். ஆடும் பதினோரு பேரில் இடம் கிடைப்பது சந்தேகம். குழந்தைசாமி பட்டியலை மேலிருந்து கீழே ஒரு தடவை படித்துவிட்டு, போலாமா கண்ணு என்று கேட்டார்.

ஒரு நிமிஷம் இருங்கப்பா என்று சொல்லிவிட்டு ஸ்வப்னா கேப்டனைத் தேடிப் போனாள். வலைப்பயிற்சி செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு, பந்தைத் தானே கொண்டுவர வேண்டுமா என்று கேட்டாள். ஆறரைக்கு என்றாள் கேப்டன். பனி இருக்கும், ஏழுக்கு வந்தாலும் போதும். ஸ்வப்னா ஆறரை என்றே மனதில் குறித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.